ராடிமின் இடது ஸ்கேட்

ஏப்ரல் 3

பனித்தளத்துக்கு அடியில் ஓடும் குளிரூட்டும் இயந்திரத்தை இன்று காலை நிறுத்தினார்கள். மதியத்துக்குள் ஓரமெல்லாம் தண்ணீர். வருடாவருடம் பார்ப்பதுதான், ஆனால் இந்த முறை சீக்கிரம். காலிறுதியின் ஏழாவது ஆட்டம், கூடுதல் நேரத்தில் நாற்பதாவது நொடியில் எதிரணி கோல். எங்கள் ஐஸ் ஹாக்கி அணி ஹப்ரோவ் குளவிகளின் பருவம் அதோடு முடிந்தது.

ரொட்டிக்கடை வரிசையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் தபால் அலுவலகத்து அம்மாள். "அந்த ராடிம் கொலார்ஷை இன்னும் எத்தனை வருஷம் வச்சு சோறு போடுவாங்க? நின்ன இடத்துல விழுறான் மனுஷன்!" என்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அரங்கத்தில் ஆட்டக்காரர்களின் ஸ்கேட்டுக்கு, பனியில் சறுக்கும் காலணியின் தகட்டுக்கு, சாணை பிடிக்கிறவன், என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தாள்.

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஏப்ரல் 5

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதவில்லை என்றால் நான் மனுஷனே இல்லை.

ஏழாவது ஆட்டத்தன்று மூன்று பகுதியும் முடிந்து இரண்டுக்கு இரண்டு. கூடுதல் நேரத்துக்கு முன் இடைவேளை. என் சாணை அறைக்கு முதலில் கோல்காப்பாளர் வந்தார். கோல்காப்பாளர் ஸ்கேட்டின் தகடு தடிமன். அதற்காக, ஸ்கேட்டைப் பிடித்திருக்கும் சட்டத்தின் உயரத் திருகை மாற்றினேன். அவர் போனதும் ராடிம் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு வந்தான், இடது ஸ்கேட் கையில். எதையோ மிதித்துத் தகட்டின் விளிம்பு சிதைந்திருந்தது. இளவட்டங்களெல்லாம் இப்போது உதிரித் தகடு வைத்திருக்கிறார்கள், ஒரு சொடுக்கில் கழற்றி மாட்டிக்கொள்வார்கள். ராடிமுடையது பழைய வகை, திருகாணி போட்டது. அவன் என்னைத்தான் நம்பியாக வேண்டும்.

"லுபோஷ், ரெண்டே நிமிஷம்தான்யா இருக்கு."

"போய் உக்காரு. கத்தி மாதிரி தர்றேன்."

நான்கு முறை கல்லில் இழுத்தேன். திருகைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரவில்லை. சாணை பிடித்து முடித்ததும் தகட்டுக்குக் குறுக்கே ஒரு காசை வைத்துப் பார்ப்பது வழக்கம். காசு சாய்ந்தால் தகட்டின் இரண்டு விளிம்பில் ஒன்று தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்பப் பிடிக்க வேண்டும். முப்பத்தோரு வருடமாக ஒவ்வொரு ஸ்கேட்டுக்கும் வைத்திருக்கிறேன். அன்று வைக்கவில்லை. மேலே மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டத்தின் முதல் நொடியைத் தவறவிட்டுவிடுவேனோ என்று பயம். ஆட்டக்காரர்கள் இறங்கும் வழியில் நான் நிற்கும் இடத்தை எவனாவது பிடித்துக்கொள்வானோ என்று பயம்! இதுதான் காரணம், வேறு ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. வேலைக்காரனாக நிற்க வேண்டிய நேரத்தில் ரசிகனாக ஓடினேன்.

எதிரணி ஆள் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, மட்டையால் தள்ளிக்கொண்டு வந்தான். ராடிம் அவனுக்கு முகம் கொடுத்தபடி பின்னோக்கிப் போகத் திரும்பினான். தடுப்பாட்டக்காரன் தூக்கத்தில்கூடச் செய்வது. இடது கால் பக்கவாட்டில் போய்விட்டது. கோல் விழுந்ததை அவன் பனியில் உட்கார்ந்தபடியேதான் பார்த்தான்.

மறுநாள் காலை அவன் அலமாரியிலிருந்து ஸ்கேட்டை எடுத்துக் காசை வைத்தேன். சாய்ந்தது.

அதற்கு அப்புறம் செய்ததுதான்— கதவைத் தாழ் போட்டுவிட்டு அந்தத் தகட்டைப் புதிதாகச் சாணை பிடித்தேன். இரண்டு விளிம்பும் சமம். இனி எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஏப்ரல் 8

இவானாவின் பீர்க்கடை. புதன்கிழமை மேசை. ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் இந்த மேசைக்கு உயிர் வரும். கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டைகளின் பின்பக்கம் ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயரையும் எழுதி, ஐந்தைந்தாக அடுக்கி, அடுத்த பருவத்துக்கான அணியை நாங்களே அமைப்போம். நிர்வாகம் எங்களைக் கேட்காது. அதனால் என்ன?

ரசிகர் மன்றத் தலைவர் டாலிபோர்தான் அட்டைகளை நகர்த்துவான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். கை முழுக்க எண்ணெய்க் கறை, அட்டை முழுக்க அவன் விரல் ரேகை.

"கோல்காப்பாளர் போயிடுவாரு, எழுதி வச்சுக்கோங்க. ஸ்வீடன்காரன் ரெண்டு மடங்கு தர்றானாம்."

"போகட்டும். நடு ஆட்டக்காரன் யாக்கூபை மட்டும் விட்டாங்கன்னா மன்றத்தையே கலைச்சிடு," என்றது பக்கத்து மேசை.

"அவன் வருஷாவருஷம்தான் கலைக்கிறான்," என்றாள் இவானா.

ராடிம் பெயர் எழுதிய அட்டை டாலிபோர் கையில் வந்தது. "முப்பத்தஞ்சு வயசு. இடுப்போ முழங்காலோ, எதுன்னு தெரியல. ஆனா கால் போச்சு. சத்தியமா சொல்றேன், கால் போச்சு."

மருந்துக்கடை போரிவொய் மட்டும் விடவில்லை. "ஒரே ஒரு தடவை விழுந்ததுக்கா இந்தப் பேச்சு? அதுக்கு முன்ன ஆறு ஆட்டத்துல அவன்தானேய்யா தாங்கினான்!"

"தாங்கினான்ல? இன்னும் கொஞ்சம் தாங்கட்டும்." டாலிபோர் அட்டையை நாலாக மடித்துக் குனிந்தான். ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினான். மேசை ஆடாமல் நின்றது. கடையே சிரித்தது.

நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். வீடு வரும் வழியெல்லாம் என் சிரிப்பே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 14

யித்கா, ரசிகர்களின் இணையப் பக்கத்தில் "கொடுக்கு" என்ற பெயரில் எழுதுகிறாள். அரங்கத்து உள்விவரம் தெரிந்த எவனோ ஒருவன் என்று ஊர் நினைக்கிறது. என் பெண்டாட்டி என்று யாருக்கும் தெரியாது. இன்று சாப்பிடும்போது சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"'கொலார்ஷுக்கு இனி ஸ்கேட் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். சக்கர நாற்காலி போதும்.' நூத்துப் பன்னெண்டு பேர் விரும்பியிருக்காங்க! எப்படி இருக்கு?"

"அவனோட பொண்ணுங்க இதைப் படிப்பாங்கல்ல?"

"படிக்கட்டும். அப்பா விழுந்ததை டிவியில பாத்தாங்கல்ல?" அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன, சூப்புல உப்பு இல்லையா?"

உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 22

கோல்காப்பாளர் ஸ்வீடனுக்கே போய்விட்டார். ஊரே ஒப்பாரி. ஊர் வாயிலிருந்து ராடிமுக்கு இரண்டு நாள் ஓய்வு.

மே 4

மேலாளர் ஷெபெஸ்டாவின் அறை வரை போனேன். இது மூன்றாவது தடவை. செயலாளர் பெண் "என்ன விஷயம்?" என்றாள். சாணைக்கல் தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டாள். மூன்றாவது கல் வரப்போகிறது.

மே 16

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது.

கலாச்சார மண்டபத்தில் ரசிகர் சந்திப்பு. பருவச்சீட்டு வைத்திருக்கிறவர்கள் நிர்வாகத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் நாள். முந்நூறு பேர் இருக்கும். யித்கா மூன்றாவது வரிசையில், மஞ்சள் சட்டை. யாக்கூபுக்கு இரண்டு வருட ஒப்பந்தம் என்றதும் கைதட்டல். லாட்வியாவிலிருந்து இருபத்துமூன்று வயது தடுப்பாட்டக்காரன் ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறோம் என்றதும் இன்னும் பலமாகக் கைதட்டல்.

போரிவொய் எழுந்து, "அப்ப ராடிம்?" என்றான்.

ஷெபெஸ்டா தண்ணீர் குடித்தார். "முடிவெடுக்கல. எல்லாரையும் கலந்துதான் எடுப்போம்." கண்ணை ஓட்டினார். கடைசி வரிசைத் தூணுக்குப் பின்னால் நான். "அட, நம்ம லுபோஷ்! தினமும் இவங்க காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாக்குறவர் அவர்தான். நீங்க சொல்லுங்க லுபோஷ், ராடிம் கால் எப்படி இருக்கு?"

மைக்கை என் கையில் திணித்தார்கள். என் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. சொல்லியிருக்கலாம். கால் நன்றாகத்தான் இருக்கிறது, நான்தான் தப்பு செய்தேன். ஐந்தாறு வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது.

"வயசு... எல்லாருக்கும்தானே ஆகுது," என்றேன்.

சிரிப்பு. கைதட்டல். டாலிபோர் திரும்பி எனக்குக் கட்டைவிரலைக் காட்டினான்.

நான் பொய் சொல்லவில்லையே, வயது எல்லோருக்கும்தானே ஆகிறது— இப்படி எழுதிக்கொள்ளவும் எனக்குக் கை வருகிறதே! த்தூ.

மே 24

மூன்று வரி அறிக்கை. பதினோரு பருவங்களுக்கு நன்றி, வாழ்த்துகள், ராடிம் கொலார்ஷின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

யித்கா கேக் செய்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு என்ன தெரியும்?

ஜூன் 5

ராடிம் வந்தான். அலமாரியைக் காலி செய்துவிட்டு நேராக என் அறைக்கு. கையில் ஒரு பாட்டில், அவன் மாமனார் தோட்டத்துப் பிளம் பழத்தில் காய்ச்சியது.

"பதினோரு வருஷம் என் காலைப் பாத்துக்கிட்ட. மத்தவங்கள்லாம் போன்ல செய்தி அனுப்புறாங்க. உனக்கு நேர்ல வந்து சொல்லணும்னு தோணுச்சு."

இரண்டு சின்னக் கோப்பையில் ஊற்றினேன். மேசையில் கொஞ்சம் சிந்தியது.

இனி என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். மச்சான் ஜன்னல் பொருத்தும் தொழில் நடத்துகிறானாம், அதில் சேரப்போகிறானாம். பக்கத்து ஊர் லொம்னாவிலிருந்து ஆட அழைப்பு வந்திருக்கிறது. நம் லீக்கில் கடைசி இடத்து அணிதான், ஆனாலும் ஒரு வருட ஒப்பந்தம். ஜூன் முப்பதுக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லப்போகிறானாம்.

"ஏன்யா?"

"கால் போயிடுச்சு லுபோஷ்." சாதாரணமாகச் சொன்னான், பால் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. "ஊர்ல சொல்றது சரிதான். அன்னிக்குத் திரும்புறேன், இடது கால் என் காலாவே இல்ல. ஒரு தடவை அப்படி ஆயிடுச்சுன்னா அப்புறம் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அந்தப் பயம்தான். பயந்தவன் பின்னால நின்னு ஆடக் கூடாது. கோல்காப்பாளருக்குச் செய்யற துரோகம் அது."

அவனும் நம்பிவிட்டான்! ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அவனே, அவன் காலை, அவன் நம்பவில்லை.

நான் என்ன சொன்னேன்? "ஜன்னல் வேலையில நல்ல காசு வரும்," என்றேன்.

அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில்.

ஜூன் 9

போன் செய்தேன். அவன் எடுக்கும் முன் வைத்துவிட்டேன்.

ஜூன் 13

போரிவொய் கேட்கிறான், உனக்கு உடம்பு சரியில்லையா, மெலிந்துவிட்டாயே என்று. வயிற்றுக்கு ஒரு மாத்திரை கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அதற்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்கவில்லை.

புதன்கிழமை மேசையில் லாட்வியாக்காரனின் அட்டை முதல் வரிசையில் இருக்கிறது. அவன் ஆடி ஒருவரும் பார்த்ததில்லை.

ஜூன் 19

யித்காவிடம் சொன்னேன். தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பறித்துக்கொண்டிருந்தாள். நின்றபடி ஆரம்பித்தேன், முடிக்கும்போது மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை நாளா தெரியும் உனக்கு?" என்றாள்.

"மறுநாள் காலையிலேயே."

"அப்ப நான் எழுதினதெல்லாம்? தினமும் படிச்சுக் காட்டினேனே. நீ எதிர்ல உக்காந்து சூப்பு குடிச்சியே லுபோஷ்! என்னை நிறுத்தியிருக்கலாம்ல நீ!"

"ம்."

"சக்கர நாற்காலி. ஐயோ, சக்கர நாற்காலின்னு எழுதினேன்."

உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் அவளாகவே வந்து சொன்னாள். "முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. நீ போய்ச் சொல்லலன்னா நான் போவேன். ஆனா நீ போகணும்."

ஜூன் 22

போனேன்.

வேலிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். மகள்கள் இருவரும் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறார்கள் என்றான். உள்ளே வா, காபி குடி என்றான். வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்னேன். கோல்காப்பாளரின் ஸ்கேட், திருகு, மேளம், நான் ஓடியது, மறுநாள் காசு சாய்ந்தது, தாழ் போட்டுவிட்டுத் திரும்பச் சாணை பிடித்தது— எதையும் விடவில்லை.

முதலில் அவன் கேட்டது என்ன தெரியுமா? "எந்த விளிம்பு?"

"உள் விளிம்பு. தாழ்ந்திருந்துச்சு."

தூரிகையை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தான். இடது காலைத் தூக்கிக் கணுக்காலை இப்படியும் அப்படியும் திருப்பினான். புல்லில் ஊன்றினான். உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டு நின்றான்.

"அப்ப காரணம் கால் இல்ல," என்றான்.

"கால் இல்ல."

"மூணு டாக்டரைப் பாத்தேன்யா. மூணு பேரும் ஒண்ணும் இல்லன்னாங்க. பொய் சொல்றாங்கன்னு நெனச்சேன். தினமும் படுக்கையில இந்தக் காலைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டிருக்கேன். எம் பொண்டாட்டி பயந்துபோய் அவங்க அக்காவைக் கூட்டிட்டு வந்து உக்காத்தி வச்சா." குரல் ஏறியது. "மண்டபத்துல உன் கையில மைக் இருந்துச்சு."

"ஆமா."

"நான் அங்க இல்ல. ஆனா வீடியோ பாத்தேன். நீ சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. லுபோஷே சொல்லிட்டான், அப்ப சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்— நிறுத்திடலாம்னு."

"மன்னிச்சிடு ராடிம்."

"அதை இப்ப கேக்காத." தூரிகையை எடுத்தான், திரும்ப வைத்தான். "சாணை தப்பாப் போறது யாருக்கும் நடக்கும். அவசரத்துல கொடுத்தது நானும்தான். ஆனா அதுக்கப்புறம் நீ வாயை மூடிக்கிட்டு இருந்த பாரு, அது அவசரத்துல நடந்தது இல்ல. இங்க வேலி ஓரத்துல வந்து, யாரும் இல்லாத நேரமாப் பாத்து, என்கிட்ட சொல்ற. அவங்ககிட்ட சொல்லு. போ."

வந்துவிட்டேன். என் கால்சட்டையில் பச்சைப் பெயிண்ட். எப்போது சாய்ந்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 30

ராடிம் லொம்னாவுக்குப் பதில் சொல்ல இன்று கடைசி நாள். ஒரு செய்தியும் இல்லை.

ஜூலை 1

கையெழுத்துப் போட்டுவிட்டான்! லொம்னா, ஒரு வருடம். பத்திரிகையில் பார்த்ததும் யித்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை மேசையில் வேறு மாதிரி. "துரோகி," என்றான் டாலிபோர். "பக்கத்து ஊருக்கே போறான் பாரு. ஆட்டத்தை விட்டிருந்தா ஒரு மரியாதை இருந்திருக்கும்."

"வேணாம்னு துரத்தினது நீ. போனா துரோகியா?" என்றான் போரிவொய்.

"லொம்னா என்ன, முதியோர் இல்லமா?" இது பக்கத்து மேசை. சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை. அதை ஒரு பெரிய சாதனையாக இங்கே எழுதுகிறேன். வெட்கம்.

ஆகஸ்ட் 2

பனி திரும்ப உறைந்தது. லாட்வியாக்காரன் வந்துவிட்டான், நல்ல பையன், சாணை பிடித்ததும் நன்றி சொல்கிறான். ஒவ்வொரு ஸ்கேட்டுக்கும் இரண்டு முறை காசு வைக்கிறேன். யாருக்காக இந்த நாடகம்?

யித்காவின் கணினியில் உட்கார்ந்து ரசிகர் பக்கத்தில் எழுதினேன். "என் பெயர் லுபோஷ் ஹாயெக். குளவிகளின் சாணைக்காரன்." இத்தனை எழுதினேன். அடுத்த வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் எல்லாவற்றையும் அழித்தேன். வேலை போய்விடுமா? போகலாம். ஆனால் என் பயம் வேலையைப் பற்றி இல்லை. அந்தப் புதன்கிழமை மேசை. முப்பது வருடமாக அங்கே எனக்கு ஒரு நாற்காலி. அந்த மர நாற்காலிக்காகத்தான் ஒரு மனிதனைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 20

காட்டில் காளான் பறிக்கப் போனோம். யித்கா ஏப்ரலிலிருந்து எழுதியதை எல்லாம் நீக்கிவிட்டாள். கொடுக்கு எங்கே போனான் என்று ஆட்கள் தேடுகிறார்களாம்.

"நீ சொல்ற அன்னிக்கு நானும் சொல்லிடுவேன்," என்றாள். "என் சொந்தப் பேர்ல. அதுக்கு முன்ன சொன்னா உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எப்ப?" என்றாள்.

காளான் நிறையக் கிடைத்தது. பாதி புழு.

செப்டம்பர் 26

லொம்னா இங்கே வந்து ஆடியது.

ஆட்டத்துக்கு முன் நடைவழியில் நின்றிருந்தேன். லொம்னா ஆட்கள் பையோடு வந்தார்கள், ஆறாவது ஆள் ராடிம். என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். அவன் நிற்கவில்லை.

பனியில் அவன் முதன்முதலாகப் பக்கைத் தொட்டபோது நின்றுகொண்டே பார்க்கும் பகுதியிலிருந்து எதிரணி ஆளை ஏசும் விசில் கிளம்பியது. காதைப் பிளந்தது. பரிதாபத்துக்குரியவனை எங்கள் ஊரில் யாரும் விசிலடிக்க மாட்டார்கள். ஒருவனைக் கண்டு பயந்தால்தான் விசில். இரண்டாவது பகுதியில் லாட்வியாக்காரனைத் தாண்டிக்கொண்டு அவன் போனபோது டாலிபோர் முகம் சிவக்க விசிலடித்தான். மூன்றாவது பகுதியின் முடிவில் நம் யாக்கூப் தனியாகப் பக்கைக் கொண்டுபோனான். எதிரில் ராடிம் மட்டும். திரும்பினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் "ஓஓ" என்று சலித்துக்கொண்ட சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். அவன் நின்றுகொண்டிருந்தான், பக் அவன் மட்டையில்.

ஒன்றுக்கு இரண்டு. தோற்றோம்.

இவானாவின் கடையில் நிற்க இடமில்லை. டாலிபோர் மேசையை அடித்தான். "இருபத்தஞ்சு நிமிஷம் ஆடினான்யா! மூச்சு வாங்கல! அவன் கால்ல என்ன குறை? எந்த முட்டாப்பய அவனை விட்டது?"

"நீதான்," என்றான் போரிவொய்.

"நான் ஒருத்தனா? ஊரே சொல்லுச்சு! எவன் மொதல்ல ஆரம்பிச்சான், சொல்லு, எவன்?"

"நான்தான்," என்றேன்.

சிரித்தார்கள். "ஆமா, நீதானே மேலாளர்!" என்றாள் இவானா. நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எழுந்து நின்று சொன்னேன். உட்கார்ந்து சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். திருகு, மேளம், காசு, தாழ் போட்ட கதவு. மண்டபத்தில் மைக் வாங்கி நான் சொன்னதற்கு அவர்கள் எல்லாரும் கைதட்டியது. பக்கத்து மேசையும் திரும்பிவிட்டது. இவானா பீர்க் குழாயை மூடினாள்.

டாலிபோர் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"ஆறு மாசம்," என்றான். "ஆறு மாசம் இந்த மேசையில உக்காந்து எங்ககூட சிரிச்சியேடா."

"ஆமா."

"எங்க எல்லாரையும் சேத்து அசிங்கப்படுத்திட்ட."

"ஆமா."

மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கோப்பையில் பாதிக்கு மேல் மிச்சம். போரிவொய் எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்து யித்காவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கணினியைத் திறந்தாள். "கொடுக்கு நான்தான். பெயர் யித்கா ஹாயெகோவா, லுபோஷ் ஹாயெக்கின் மனைவி," என்று தொடங்கி நீளமாக எழுதினாள். எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 28

விடுமுறை நாளிலும் ஷெபெஸ்டா கூப்பிட்டு அனுப்பினார். எழுத்தில் எச்சரிக்கை. இனி ஆட்டத்தின்போது நான் பிடிக்கும் ஸ்கேட்டை இன்னொருவர் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வேலை இருக்கிறது. குனிந்தபடி நின்றேன்.

"அன்னிக்கு மண்டபத்துல நான் கேட்டேனே லுபோஷ்..."

"ஆமாங்க ஐயா. சொல்லியிருக்கணும்."

ஜன்னல் பக்கம் போய் நின்றார். "உங்களை மட்டும் சொல்லி என்ன. அந்த லாட்வியாப் பையனோட ஏற்கனவே பேசி முடிச்சிட்டோம். எனக்கு ஒரு 'ஆமா' தேவைப்பட்டுச்சு, அதான் உங்ககிட்ட மைக்கைக் கொடுக்கச் சொன்னேன்."

அதைக் கேட்டு எனக்குப் பாரம் குறைந்ததா? இல்லை. அவர் வெட்கம் அவருக்கு, என் வெட்கம் எனக்கு.

ராடிமுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "அவர்களிடம் சொல்லிவிட்டேன்." படித்துவிட்டான் என்று காட்டுகிறது. பதில் இல்லை. வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

செப்டம்பர் 30

புதன்கிழமை மேசைக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

அக்டோபர் 3

மதியம் என் சாணை அறைக் கதவு தட்டப்பட்டது. டாலிபோர். பணிமனை உடையிலேயே வந்திருந்தான், கையில் அவனுடைய ஸ்கேட் ஜோடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ப் பெரிசுகள் ஆடுவதற்கு அவனும் வருவான்; எப்போதும் ஸ்கேட்டைப் பையோடு வாசலில் வீசிவிட்டு, "சாயங்காலம் எடுத்துக்கறேன்," என்று கத்திவிட்டுப் போவான்.

இன்று வீசவில்லை. உள்ளே வந்து மேசை மேல் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பண்ணு," என்றான். "நான் நின்னு பாக்குறேன்."

இரண்டு காலும் முடியும்வரை நின்று பார்த்தான்.